பூவற்ற மாதங்கள்

தேனீ வளர்ப்பு என்றவுடன் மலையையும் காட்டையும் நினைப்பது நம் ஜனங்களின் வழக்கம். கொடைக்கானல் சரிவிலும் சிறுமலையிலும் குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களிலும் நடக்கிற தொழில் அது என்றும், வைகையின் இரு மருங்கிலும் வெயில் காய்ந்து கிடக்கும் இந்தச் சமவெளியில் தேனுக்கு ஏது மார்க்கம் என்றும், என்னிடம் தேன் வாங்க வந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற மதுரைக்காரர்களே சந்தேகத்தோடு கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் விடை ஒன்றே. தேனீக்கு மலை வேண்டியதில்லை, குளிர்ச்சிகூட அத்தியாவசியமன்று, ஆண்டின் பன்னிரண்டு மாதங்களிலும், ஒரு பூ ஓயும்போது மற்றொரு பூ தொடங்கும்படியாக, அது பறந்து சென்று திரும்பக்கூடிய தூரத்துக்குள் ஏதேனும் ஒன்று மலர்ந்திருந்தால் போதும். அந்த வரிசை அறுபடாதிருந்த காலத்தில் மதுரைச் சீமை தேனீக்கு நல்ல சீமையாகவே இருந்தது. அது அறுபட்ட விதத்தைப் பெட்டிக்குள்ளிருந்தே பார்த்து வந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் இத்தொழிலுக்கு வந்தது 1980-களில். தேனீயைப் பற்றிக் கற்க விரும்பிய தென்மாவட்டத்தான் எவனும் அந்நாளில் மார்த்தாண்டம் பக்கம் ஒருமுறை போய்வராமல் இருக்கமாட்டான். 1920-களில் அவ்வூர் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனருத்தாரண நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஏழைக் குடியானவர்களுக்கு உபதொழிலாகக் கற்பித்த தேனீ வளர்ப்பு, இரண்டு தலைமுறைக்குள் அந்தப் பிரதேசத்தின் வீட்டுத் தொழிலாகவே வேரூன்றிவிட்டது. அதற்கும் முன்னர், 1911-க்கும் 1917-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் சிறிய உடலுக்கும் அடக்கமான குடும்பத்துக்கும் பொருந்தும்படி ஒரு மரப்பெட்டியை வகுத்திருந்தார். அடிப்பலகை, ஏழு சட்டங்கள் தொங்கும் புழு அறை, அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை, உள்மூடி, மேல்மூடி என்று தனித்தனியே கழற்றி எடுக்கக்கூடிய அந்த நியூட்டன் பெட்டியைத்தான் நாட்டுத் தேனீக்கு நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். வாசலுக்கு வலை அடித்து, இரவு பஸ்ஸில் கொண்டுவந்த சில பெட்டிகளை மேலூருக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில், எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும் தாங்கிகளின் மேல் நான் வைத்தபோது, அக்கம்பக்கத்தார் அதை வேலையற்றவனின் பொழுதுபோக்கு என்றே எண்ணினார்கள்.

பெட்டியைத் திறந்து பார்ப்பதில் ஒரு கிரமம் உண்டு. வெயில் ஏறுமுன் போய், தேங்காய் நாரைக் கொளுத்திய புகைப்பானால் வாசலில் இரண்டு ஊது ஊதி, சற்றுப் பொறுத்து, மூடியை ஓசையின்றி எடுத்து, ஓரத்துச் சட்டத்தை முதலில் உருவி, சூரியன் நம் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள அடையில், மேல் விளிம்பில் மெழுகால் மூடிய தேனும், அதன் கீழே வளைந்த பட்டையாக மகரந்தமும், நடுவே முட்டையும் புழுவும் மூடிய கூட்டுப்புழுவும் இருக்கும். அநுபவசாலி ராணியைத் தேடிப் பொழுதை வீணாக்கமாட்டான். அறையின் அடியில் நிமிர்ந்து நிற்கும் முட்டை கண்ணில் பட்டால், முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும் ஆகையால், அந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று அறிந்துகொள்வான். நான் எப்போதும் அதிகமாகக் கவனித்தது மகரந்தப் பட்டையைத்தான். மக்காச்சோளம் என்றால் வெளிர் மஞ்சள், சூரியகாந்தி என்றால் ஆரஞ்சு கலந்த பொன்னிறம் என்று, சுற்றுவட்டாரத்தில் பூத்திருப்பது இன்னதென்பதை அதன் நிறமே சொல்லும். ஒரே அடையில் நான்கைந்து நிறம் கலந்து கிடந்தால் அந்தப் பருவத்தில் கவலையில்லை. தேன் பறப்பதற்கும் கூட்டை வெதுவெதுப்பாக வைப்பதற்கும் வேண்டிய சக்தியைத் தரும். புழுவை வளர்க்கும் புரதமோ மகரந்தத்திலிருந்துதான் வரவேண்டும். ஆகையால் தேன் இருந்தும் மகரந்தம் வறண்ட கூடு, பார்வைக்கு எவ்வளவு செழிப்பாகத் தோன்றினாலும், உள்ளே க்ஷீணித்துக்கொண்டிருக்கும் கூடே.

அக்காலத்து ஆண்டை நான் பூக்களால்தான் கணக்கிட்டேன். தை, மாசியில் அழகர்கோயில், நத்தம், அலங்காநல்லூர்ப் பக்கத்து மாந்தோப்புகள் பூத்திருக்கும். வீட்டுக் கொல்லைகளில் முருங்கை வெள்ளை வெளேரென்று சொரியும். திருமங்கலத்துக்குத் தெற்கே கொத்தமல்லி விதைத்த கரிசல் காடுகள் மணக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கும் பூக்க, கள்ளழகர் மலையிறங்கும் நாட்களில் தேன் அறை கனத்திருக்கும். வைகாசி, ஆனியில் சாலையோரப் புளியமரங்கள் பொன்னிறமான, நாவில் சிறிது புளிப்புத் தட்டும் தேனைக் கொடுக்கும். ஆடி, ஆவணி காற்றடி காலம்; அப்போதும் கண்மாய்க்கரைக் கருவேலும் சோழவந்தான், வாடிப்பட்டித் தோப்புகளின் தென்னம்பாளையும் கைவிடா. புரட்டாசி மழை விழுந்ததும் வரப்பெங்கும் தும்பையும் நெருஞ்சியும், புஞ்சையில் எள்ளும் தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேனீ வெளியே போகாது. சேமித்ததை உண்டு காலம் தள்ளும். மார்கழியில் கம்பும் சோளமும் மகரந்தம் கொடுக்க, மறுபடியும் தை பிறக்கும். ஊருக்கே பெயர் வாங்கித் தந்த மல்லிகை இந்த வரிசையில் இல்லையே என்று வாசகர் கேட்கலாம். மல்லிகை மொட்டாகவே விடியலில் பறிக்கப்பட்டு மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்குப் போய்விடுகிறது. அது வாய் திறப்பது சாயங்காலத்தில், கூந்தலிலோ மாலையிலோ. தேனீக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. மொட்டுப்புழுவுக்காக அதற்குத் தெளிக்கும் மருந்தால் உபத்திரவம்தான் உண்டு.

முதல் அடி நோயாக வந்தது. 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டு, 1978-இல் மேகாலயத்தில் தென்பட்ட தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய், 1991, 1992 ஆண்டுகளில் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் வந்து பற்றியது. வளர்ந்த தேனீயிடம் அதற்கு அடையாளமே தெரியாது. புழு கூட்டுப்புழுவாக மாற வேண்டிய தறுவாயில் மாறாமல், தோலுக்கடியில் நீர் கோத்து, தலை அறையின் வாயை நோக்கி நிமிர்ந்தபடி செத்துக் கிடக்கும்; இடுக்கியால் மெல்லப் பற்றித் தூக்கினால், நீர் நிறைந்த சிறு பையாக முழுதும் அப்படியே வரும். சுத்தம் செய்யும் தேனீக்கள் அந்தப் பிணங்களை அகற்றும்போதே நோயைத் தொற்றிக்கொண்டு அடுத்த புழுக்களுக்கும் கொடுக்கும். இளந்தேனீ பிறப்பது நின்றுபோனால் வெளியே போய் உழைக்க ஆளில்லை. ஆளற்ற கூட்டில் மெழுகுப் புழு புகும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் மிச்சமிருந்த கூட்டமும் ஓடிப்போய், சிலந்தி நூல் படர்ந்த சட்டங்கள் மட்டும் தொங்கும். மருந்தென்று ஒன்று கிடையாது. ராணியைச் சில நாள் சிறு கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்துவது, நோய் தாங்கிப் பிழைத்த கூட்டத்திலிருந்து புது ராணியை உண்டாக்குவது ஆகிய இரண்டே பிரயத்தனங்கள். தென்னாட்டில் பெட்டியில் வளர்த்த நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தன. மார்த்தாண்டத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த குடும்பங்கள் பெட்டிகளை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போனதை நான் பார்த்தேன்.

அந்த நாசத்தின் பிற்பாடுதான் இத்தாலியத் தேனீ தென்னாட்டுக்குப் பெருவாரியாக வந்தது. 1962-இல் பஞ்சாபில் நிலைபெற்ற அந்த ஐரோப்பிய இனம் இந்த வைரஸுக்கு அவ்வளவாக இரையாவதில்லை. தேனும் நாட்டுத் தேனீயைப்போலப் பல மடங்கு கொடுக்கும். ஆனால் அதன் வயிறும் பெரிது. சமவெளியில் அதை வைத்திருப்பவன் லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, சூரியகாந்திக்கு ஓரிடம், ரப்பருக்கு ஓரிடம், முருங்கைக்கு ஓரிடமென்று பூவைத் துரத்தி அலையவேண்டும்; அலையாவிட்டால் சர்க்கரைக் கரைசல் ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். வரோவா என்னும் உண்ணியை நாட்டுத் தேனீ தன் உடலிலிருந்து தானே உதிர்த்துவிடும்; இத்தாலியத் தேனீக்கு அந்த சாமர்த்தியம் குறைவு. இதற்கிடையில், நோயில் பிழைத்த நாட்டுத் தேனீக்களின் சந்ததி மெல்ல மெல்ல விருத்தியாகி, மறுபடியும் பொந்துகளிலும் பெட்டிகளிலும் தென்பட்டது. இனித் தொழில் தழைக்கும் என்று நாங்கள் நம்பிய அந்தக் காலத்தில்தான், நோயைவிட நிதானமான, ஆனால் திரும்பி வர வழியில்லாத ஒரு கேடு எங்களைச் சூழ்ந்தது.

நான்குவழிச் சாலைக்காகப் புளியமரங்கள் போயின. வைகாசி, ஆனித் தேனுக்கு அவையே ஆதாரமென்பதை அந்த மரங்களை எண்ணி எண் போட்டவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மதுரையைச் சுற்றி மாந்தோப்புகளும் புஞ்சைகளும் கல் நட்ட மனைகளாயின. மனை விற்காமல் கிடந்தாலும் அதில் பூ மட்டும் கிடையாது. கூலி ஆள் கிடைக்காத காரணத்தால் வரப்புக்குக் களைக்கொல்லி வந்தது. தும்பையும் நெருஞ்சியும் வேரோடு கருகின. எள்ளும் கொத்தமல்லியும் விதைத்தவர்கள், விலை கட்டாமல் வேறு பயிருக்குப் போனார்கள். சீமைக் கருவேலத்தின் கதை இன்னும் விசித்திரமானது. நாட்டுக் கருவேலும் புங்கும் நின்ற கண்மாய்களை அது ஆக்கிரமித்தபின், ஆடிக் காற்றில் தேனீக்கு வாய்த்த ஒரே அன்னதாதா அந்த மரமே ஆயிற்று. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் அதை அகற்றும்படி ஆணையிட்டபோது இயந்திரங்கள் கண்மாய்க்குள் இறங்கின. நீரையும் மேய்ச்சலையும் கெடுத்த அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வெட்டிய இடத்தில் வேறு மரம் நட்டார்களா என்பதே என் கேள்வி. நான் பெட்டி வைத்திருந்த கரைகளில் நடவில்லை. ஆடி, ஆவணியில் அடைகளைத் தூக்கிப் பார்த்தால், பட்டையாக இருக்கவேண்டிய மகரந்தம் ஒரே நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும்; ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிட்டிருப்பாள்.

பூவற்ற மாதங்களில் தேனீ எங்கே போகிறது என்பதை அறிய விரும்புகிறவர், மதுரையில் ஏதாவதொரு டீக்கடை வாசலிலோ ஜூஸ் கடை வாசலிலோ கால் மணி நேரம் நின்றால் போதும். குடித்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்ட காகிதக் கோப்பையின் அடியில் அரை ஸ்பூன் அளவு சர்க்கரைத் தேநீர் தங்கியிருக்கும். தேனீ விளிம்பில் உட்கார்ந்து, தலைகீழாக உள்ளே இறங்கி, நாக்கை நீட்டிக் குடிக்கும். பூவிதழில் கால் ஊன்ற இடமுண்டு. மெழுகியது போன்ற அந்த வழுவழுப்பான சுவரில் கிடையாது. கால் வழுக்கி இறக்கை நனைந்தால் எழும்ப முடிவதில்லை. எழும்ப முயலும்போதே அதன் மேல் அடுத்த கோப்பை வந்து விழும். தப்பித்துப் போனது கூட்டுக்குள் நடனமாடித் தான் கண்ட இனிப்பின் திசையைத் தன் சகோதரிகளுக்குச் சொல்ல, அவையும் வந்து அதே தொட்டியில் விழும். இதைக் கண்ணால் கண்டவர்கள் ஆயிரம் பேர். உட்கார்ந்து எண்ணியவர்கள் மதுரை தியாகராசர் கல்லூரியின் ஆய்வாளர்கள். ஐந்து கடைகளில், முப்பது நாட்களில், கோப்பைகளில் செத்துக் கிடந்த தேனீக்கள் 25,211 என்று அவர்கள் 2011-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் எழுதினார்கள். கடை ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரி 168 தேனீ. அத்தனையும் உணவு தேடி வெளியே வரும் வயதை எட்டிய பணித் தேனீக்கள்; கூட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் அடங்கும்படி, 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது; கோப்பைகள் கடைகளை விட்டு இன்னும் முழுதும் போகவில்லை.

இதைக் கோப்பையின் குற்றமென்று மட்டும் கொள்வது சரியாகாது. புங்கும் வேம்பும் பூத்திருக்கும்போது தேனீ டீக்கடைப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை என்பதை நான் ஆண்டுக்காண்டு பார்த்திருக்கிறேன். பசித்த தேனீதான் கோப்பைக்கு வருகிறது. அங்கே உயிர் பிழைத்து மீண்டாலும் அது கொண்டுபோவது சர்க்கரை நீர். அதில் மகரந்தம் இல்லை, புழுவுக்கு ஆகாரம் இல்லை. பூவற்ற மாதத்தில் சாவு குப்பைத் தொட்டியிலும் நேர்கிறது, கூட்டுக்குள் புழுவின் தொட்டிலிலும் நேர்கிறது.

மருந்தின் கதை வேறு. வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் பூசணி போட்டிருந்த ஒரு இளைஞர், என் பெட்டிகளைப் பார்க்க வந்தவர், போகிற போக்கில் கேட்டார்.

“அண்ணே, பூ என்னமோ பூத்துக் கொட்டுது. பிஞ்சுதான் நிக்க மாட்டேங்குது. எல்லாம் வெம்பி வெம்பி உதிருது. மூணு தடவ மருந்து அடிச்சிட்டேன். வேற என்ன மருந்துண்ணே வாங்க?”

“எந்நேரத்துல தம்பி அடிக்கிற?”

“காலைல ஏழு, ஏழரைக்கு. வெயில் ஏறிட்டா ஆளு நிக்க மாட்டான்ல.”

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் விடியலில் மலர்ந்து, உச்சிவேளைக்கு முன்னரே வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீயோ வண்டோ ஆண் பூவில் புரண்டு எழுந்து, அந்தத் தூளோடு பெண் பூவுக்குள் நுழைந்தாலன்றிப் பிஞ்சு நிற்காது. பிஞ்சு உதிர்கிறதே என்று அவர் மருந்தடித்தார். மருந்தடித்த வேளையோ பிஞ்சு நிற்பதற்குரிய ஒரே வேளை. உதிர்வு அதிகமாக அதிகமாக மருந்தும் அதிகமாயிற்று. “இனிமே சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அடி தம்பி, அதுவும் பூச்சி இருந்தா மட்டும்” என்றேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பன்று. தேனீக்களின் நடமாட்டம் அடங்கியபின் மாலையில் தெளிக்க வேண்டுமென்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்லி வரும் புத்திமதிதான். அது ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வயலுக்கு வந்து சேரும் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. மருந்து பட்ட கூட்டை அடையாளம் காண்பது சுலபம்: வாசலுக்கு முன்னால் தரையில் தேனீக்கள் நாக்கு நீண்டு, இறக்கை விரிந்து, சில சுழன்றுகொண்டு, பல அசையாமல் கிடக்கும். பக்கத்துத் தோட்டத்தில் பகலில் அடித்த மருந்தினால் ஒரே நாளில் ஒரு வரிசைப் பெட்டிகளை நான் இழந்ததுண்டு. அந்த விவசாயியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு ஆலோசனை சொன்னவர் மருந்துக் கடைக்காரர் ஒருவர்தான். பூவைப் பற்றிப் பேச அந்தக் கடைக்காரருக்கு ஒரு முகாந்தரமும் இல்லை.

தேனீ போனால் உலகம் பட்டினியால் மடியும் என்றும், மனிதனுக்கு நான்கே ஆண்டு ஆயுள் என்றும் ஐன்ஸ்டைன் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் அவ்வாறு சொன்னதற்கு ஆதாரமில்லை, சங்கதியும் மெய்யன்று. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவை காற்றாலும் தாமாகவும் சூல் கொள்பவை. வாழைக்கும் வண்டு வேண்டியதில்லை. ஆகவே தேனீயற்ற உலகிலும் நம் இலையில் சோறு விழும். அதைச் சுற்றி என்ன விழும் என்பதுதான் யோசிக்க வேண்டியது. பூசணிக் கூட்டு இராது, பாகல் இராது, சாம்பாரில் முருங்கைக்காய் இராது, ஏனெனில் அதன் பூவுக்கு, பட்ட மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டுத் தேனீ வேண்டும். தேங்காயும் எள்ளெண்ணெயும் குறையும், மாங்காய் குறையும், கத்தரி சிறுக்கும், தாளிக்கிற கடுகும் கொத்தமல்லி விதையும் வெங்காய விதையும் அருகும். 2007-இல் வெளியான ஒரு சர்வதேச ஆராய்ச்சி, உலகின் 115 முக்கியப் பயிர்களில் 87 பயிர்கள் ஏதோ ஒரு அளவில் பூச்சி, பறவை முதலிய ஜீவன்களின் மகரந்தச் சேர்க்கையால் பயன்பெறுகின்றன என்று கணக்கிட்டது. ஐக்கிய நாடுகள் ஆதரவில் இயங்கும் பல்லுயிர் ஆய்வு மன்றம் 2016-இல் கொடுத்த அறிக்கைப்படி, உலக விளைச்சலின் எடையில் நேரடியாக இவற்றால் வருவது 5 முதல் 8 சதவிகிதம். அதன் சந்தை மதிப்போ ஆண்டுக்கு 23,500 கோடி டாலரிலிருந்து 57,700 கோடி டாலர் வரை. எடையில் சிறிதான அந்தப் பங்கில்தான் காய்கறியும் பழமும் எண்ணெய் வித்தும், உடம்புக்கு வேண்டிய விட்டமின்களில் பெரும் பகுதியும் அடங்கியிருக்கின்றன. தேனீ குறைந்தால் முதலில் குறைவது ஏழையின் காய்கறி. பணக்காரன் விலை கொடுத்து வாங்கிக்கொள்வான்.

வெளிநாட்டுக் கதையும் அடிப்படையில் நம் கண்மாய்க்கரைக் கதையே. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒவ்வொரு பிப்ரவரியிலும் வாதுமைப் பூவுக்காக இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை லாரிகளில் கொண்டுவந்து குவிக்கிறார்கள். சில வாரம் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பூ; அது உதிர்ந்தபின் அதே நிலத்தில் பல மாதம் ஒன்றுமில்லை. 2006-ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து அங்கே, ராணியும் தேனும் இருக்கப் பணித் தேனீக்கள் மட்டும் கூட்டை விட்டு மாயமாகும் சம்பவங்கள் பெருவாரியாக நிகழ்ந்தபோது, உண்ணி, வைரஸ், பூச்சிமருந்து, ஊட்டக் குறைவு என்று பல காரணங்களை ஆராய்ந்து, இவை ஒன்று சேர்ந்தே கொல்கின்றன என்ற அபிப்பிராயத்துக்கே வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோநிகோடினாய்டு மருந்துகளைத் திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை செய்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் இமிடாகுளோபிரிட் கேட்டவுடன் கிடைக்கும். பசியோடிருக்கும் தேனீ நோய்க்கும் விஷத்துக்கும் சீக்கிரம் இரையாகும் என்பதை எந்த ஆராய்ச்சியும் படிக்காமலே அடைகள் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தன.

பெட்டியில் வளர்ப்பது மட்டுமே தேனீயன்று. மலைப்பாறையிலும் நகரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீ, வேலிக் கொப்பில் கையகலத்தில் கட்டும் கொம்புத் தேனீ, பழைய சுவரின் விரிசலுக்குள் வாழும் கொட்டாத கொசுத்தேனீ, மண்ணிலும் மரத்திலும் தனித்தனியே கூடு கட்டும் எத்தனையோ வண்டுத் தேனீக்கள் ஆகிய எல்லாமே நம் பயிருக்கு உபகாரிகள். இவற்றுக்கு உரிமையாளன் இல்லாததால், செத்தாலும் கேட்பாரில்லை. மாடிக்குடியிருப்பில் மலைத்தேன் கட்டினால் இரவில் பந்தம் கொளுத்தி எரிப்பது நகரத்தில் சாதாரணமாகிவிட்டது. சீண்டாமல் விட்டால், பூ ஓய்ந்ததும் தானே இடம்பெயர்ந்துவிடும் இனம் அது. ஒருபுறம் இவ்வாறு எரித்துக்கொண்டு, மறுபுறம் தேனீ வளர்ப்புக்குத் திட்டங்கள் தீட்டுகிறோம். காதி ஆணையம் 2017-இல் தேன் இயக்கம் தொடங்கியது. மத்திய அரசு 2020-இல் தேனீ வளர்ப்புக்கென 500 கோடி ரூபாய் அறிவித்தது. மதுரை யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரியும் பயிற்சி அளிக்கிறது. எல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும் பூவில்லாத ஊரில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் வைப்பது, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பது போலாகும். மானியத்தில் வாங்கிய பெட்டிகள் ஆடி மாதத்தில் காலியாகி, கோழி அடைக்கப் பயன்படுவதை நான் பல கிராமங்களில் கண்டிருக்கிறேன்.

ஆகையால் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. எல்லாரும் தேனீ வளர்க்க வேண்டியதில்லை. அவரவர் ஊரில் எந்த மாதம் பூவற்றுப் போயிருக்கிறது என்று பார்த்து, அந்த மாதத்துக்கு ஒரு மரம் நட்டால் போதும். கண்மாய்க்கரையில் புங்கு, நாவல், இலுப்பை, வேம்பு; சாலையோரத்தில் வெட்டிய புளிக்குப் பதில் புளி; கொல்லையில் ஒரு முருங்கை. விவசாயிகள் வரப்பின் ஒரு பக்கத்தையாவது களைக்கொல்லி படாமல் தும்பைக்கு விடட்டும். மருந்தைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கட்டும். டீக்கடைக்காரர்கள் கண்ணாடி டம்ளருக்குத் திரும்பட்டும். முடியாவிட்டால் தொட்டிக்கு ஒரு மூடி போடட்டும். இவற்றில் எதற்கும் விஞ்ஞானிகளின் புதுக் கண்டுபிடிப்பு வேண்டியதில்லை. பெரும் பணமும் வேண்டியதில்லை. இன்று நடும் புங்கு பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆகையால் வருகிற மழைக்கே நட்டுவிட வேண்டும்.